ஸ்டாஃப் கிளப்பின் குண்டு மிஷின்

என் மகள் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். போன பொங்கலுக்குக் குமுளிக்கு வந்திருந்தபோது லேப்டாப்பைத் திறந்து என் முன்னால் வைத்தாள்.

"அம்மா, இதை ஆடிப் பாருங்க. நீங்க கல்யாணத்துக்கு முந்தி எஸ்டேட்ல ஆடினேன்னு சொல்வீங்கல்ல, அதுதான்."

திரையில் ஒரு பின்பால் மேசை இருந்தது. மேலே வண்ண விளக்குகள், நடுவில் காளான் மாதிரி குடைகள், கீழே குண்டைத் தட்டிவிட இரண்டு துடுப்புகள். எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்தத் துடுப்பு எழும் என்று காட்டிவிட்டு அவள் குளிக்கப் போனாள். தலையைத் துவட்டிக்கொண்டு திரும்பி வந்தபோதும் நான் முதல் குண்டைத்தான் ஆடிக்கொண்டிருந்தேன்.

"கஷ்டமா இல்லையா?"

"இல்லையே."

"இருங்க, கடினம்னு ஒரு லெவல் இருக்கு. மாத்தித் தாரேன்."

மாற்றினாள். குண்டு வேகமாக ஓடியது, அவ்வளவுதான். கொஞ்சம் தடுமாறினேன், பிறகு அதுவும் பிடிபட்டுவிட்டது. அவளுக்கு முகம் வாடிவிட்டது. குண்டின் எடை, மரத்தின் உரசல், கண்ணாடியில் விழும் வெளிச்சம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, நிஜ மேசை மாதிரியே இருக்க வேண்டுமென்று எட்டுப் பேர் ஒரு வருஷம் உட்கார்ந்து செய்ததாம்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நாங்க ஆடின மிஷினு காலையில ஒரு மாதிரி இருக்கும், சாயங்காலம் ஒரு மாதிரி இருக்கும். மழை பெஞ்சா வேற மாதிரி" என்றேன்.

அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "சொல்லுங்க" என்றாள். அன்றைக்கு அவளிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்தேன். எஸ்எஸ்எல்சி முடித்திருந்தேன், இருபத்தொரு வயது. எஸ்டேட் ஆபீஸின் மூலையில் பீரோ அளவுக்கு மரத்தால் ஆன ஒரு போர்டு நின்றது. பங்களா, தொழிற்சாலை, ஆஸ்பத்திரி, டிவிஷன் ஆபீஸ்கள் என்று முப்பது இணைப்புகள். யாராவது தங்கள் போனின் கைப்பிடியைச் சுற்றினால் போர்டில் ஒரு சின்னத் தகரக் கதவு டக்கென்று விழும். நான் கயிற்றைச் செருகி, "ஆப்பரேட்டர்" என்பேன். எந்தக் கதவு விழுந்தது என்று பார்க்காமலே, விழும் சத்தத்தை வைத்து யார் கூப்பிடுகிறார்கள் என்று சொல்ல ஆறு மாதத்தில் பழகிவிட்டேன். ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு மாதிரி விழும்.

கடைசி வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குப் போனபோது ஆபீசர்கள் கிளப்பைக் காலி செய்து சுண்ணாம்பு அடித்தார்கள். அங்கே வேண்டாதவை எல்லாம் ஸ்டாஃப் கிளப்புக்கு வந்தன. கால் உடைந்த சோபா, பாசி பிடித்த மீன்தொட்டி, இவற்றோடு அந்த மிஷின். கொழுந்து ஏற்றும் லாரியில் படுக்கப் போட்டு, ஆறு பேர் தூக்கி இறக்கினார்கள். நாலு காலில் நிற்கும் சாய்வு மேசை, மேலே கண்ணாடி, தலைமாட்டில் நெட்டுக்குத்தாக ஒரு பெட்டி. பெட்டியின் கண்ணாடியில் ஒரு சர்க்கஸ்காரி வெள்ளைக் குதிரைமேல் ஒற்றைக் காலில் நின்றாள். அதன் பெயர் பின்பால் என்று படித்தவர்களுக்குத் தெரியும். எஸ்டேட்டில் அது இறங்கிய நாளிலிருந்தே குண்டு மிஷின்தான்.

அம்மாவிடம் சொன்னபோது பயந்துபோனாள். "குண்டு மிஷினா? அதை எதுக்குட்டி ஆளுங்க இருக்க இடத்துல வச்சிருக்காக?"

"வெடிக்கிற குண்டு இல்லம்மா. கோலிக்குண்டு மாதிரி, இரும்புல."

மிஷின் ஓடவில்லை. அதைச் சரிசெய்யும் பொறுப்பு தொழிற்சாலை எலக்ட்ரீசியனிடம் வந்தது. முப்பது வயதிருக்கும், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எதைக் கேட்டாலும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். வெளிநாட்டு மிஷின் என்பதால் நம்முடைய கரண்டில் பாதிதான் அதற்கு வேண்டும். பழைய வயரைச் சுற்றி ஒரு டிரான்ஸ்பார்மர் கட்டி அதைச் சமாளித்துவிட்டார். உள்ளே திறந்து பார்த்ததும் மலைத்து, ஆபீஸுக்கு என்னைத் தேடி வந்தார்.

"ஆப்பரேட்டரம்மா, உங்க போர்டுல பித்தளை நாக்கைத் தேய்க்க ஒரு மெல்லிய அரம் வச்சிருப்பீகள்லா? அது வேணும்."

"எதுக்கு?"

யோசித்தார். "நீங்களே வந்து பாத்தீகன்னா தெரிஞ்சிரும்."

கல்யாணம் ஆகாத பெண் ஸ்டாஃப் கிளப்புக்குள் போகும் வழக்கம் அப்போது இல்லை. ஆண்கள் சீட்டாடுவார்கள், கேரம் ஆடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, துணைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா ஸ்வெட்டர் பின்னும் ஊசியோடு வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

அவர் மேசையின் மூடியைத் தூக்கி நிறுத்தினார். நான் அசந்துவிட்டேன். என் போர்டின் வயிற்றைத் திறந்து வைத்தது மாதிரி இருந்தது. துணி சுற்றிய வயர்கள் கற்றை கற்றையாக, காந்தச் சுருள்கள், ஒன்றையொன்று தொட்டு விலகும் பித்தளை நாக்குகள் நூற்றுக்கணக்கில். குண்டு ஒரு குடையைத் தொட்டால் ஒரு நாக்கு மூடும், காந்தம் இழுக்கும், மணி அடிக்கும், தலைமாட்டுப் பெட்டியில் எண் எழுதிய சக்கரம் ஒரு பல் நகரும். எல்லாமே எனக்குத் தெரிந்த சத்தங்கள்தான், வரிசைதான் வேறு.

நாக்குகளில் கருப்பு படிந்திருந்தது. ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் தேய்த்தோம். அவர் ஒரு பக்கம், நான் மறு பக்கம். பேச்சு அதிகம் இருக்காது. அவரை எப்படிக் கூப்பிடுவது என்பது எனக்கு ஒரு பிரச்சினையாகவே இருந்தது. அண்ணன் என்று கூப்பிட வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அப்போது யோசிக்கவில்லை. கடைசிவரை "இந்தாங்க" என்றே கூப்பிட்டுச் சமாளித்தேன்.

ஆறாவது ஞாயிறு மிஷின் உயிர் பெற்றது. விளக்குகள் எரிந்து, சக்கரங்கள் சுழன்று பூஜ்யத்துக்கு வந்து நின்றன. குண்டை மேலே தள்ளும் சுருள்வில்லின் பிடியை அவர் இழுத்து விட்டார். குண்டு மேலே போனது, ஒரு குடையைத் தொட்டது, இரண்டு துடுப்புகளுக்கும் நடுவில் நேராக இறங்கிக் குழிக்குள் விழுந்தது. மூன்று விநாடி இருக்கும்.

"இவ்வளவுதானா?" என்றாள் வாசலில் இருந்த அம்மா.

அடுத்த வாரத்திலிருந்து கிளப்பில் அதே கேள்வியை எல்லோரும் கேட்டார்கள். ஒரு ஆட்டத்துக்கு ஐந்து குண்டு. ஐந்தும் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். இது ஏமாற்று வேலை, வெள்ளைக்காரன் இதனால்தான் விட்டுவிட்டுப் போனான் என்றார்கள். போதாக்குறைக்குக் கிளப் கட்டடம் சரிவில் மண் நிரப்பிக் கட்டியது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் இடது மூலை கொஞ்சம் இறங்கும். குண்டும் எப்போதும் இடது பக்கமே போகப் பார்த்தது. கோபத்தில் மேசையை இடித்தால் விளக்கெல்லாம் அணைந்து துடுப்பு செத்துப்போகும். உள்ளே ஒரு வளையத்துக்கு நடுவில் கம்பியில் ஒரு ஈயக்குண்டு தொங்குகிறது. மேசை அதிகமாக ஆடினால் அந்தக் கம்பி வளையத்தைத் தொடும், ஆட்டம் போய்விடும். அதற்கு, "மிஷின் கோவிச்சுக்கிச்சு" என்று பெயர் வைத்தார்கள்.

முதலில் விடாமல் நின்று ஆடிக் கற்றுக்கொண்டவர் எங்கள் ஹெட் கிளார்க்தான். ஐம்பதை நெருங்கியவர், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, பேசும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்க மாட்டார். ஆபீஸில் அவருக்கு எல்லோரும் பயப்படுவோம். அந்த மனிதர் தினமும் மாலை ஐந்து மணிக்கு மேசை முன்னால் நின்று, இடுப்பை லேசாக வலப்பக்கம் சாய்த்து, விரல் நுனியால் பொத்தானைத் தொடுவதைப் பார்க்க வேறு ஆளாகத் தெரிவார். தரை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்றால் அந்தச் சாய்வையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார். குண்டை வலப்பக்க மதிலில் அடித்து, அது தானாக இடப்பக்கம் உருண்டு நடுக்குடைக்குள் போகும்படி செய்வார். ஐப்பசியில் ஒருநாள் அவர் ஆறாயிரத்துச் சொச்சம் எடுத்தார். அதுவரை யாரும் மூவாயிரத்தைத் தாண்டியதில்லை. கேரம் போர்டுக்கு மேலே இருந்த கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி, சுற்றிலும் கட்டம் போட்டு வைத்தார்கள்.

கோவிச்சுக்கும் வளையத்தைப் பற்றிக் கிளப்பில் பெரிய சண்டையே நடந்தது. வளையத்தைப் பெரிதாக்கினால் மேசையை நன்றாக இடிக்கலாம், குண்டைக் காப்பாற்றலாம் என்றது ஒரு கட்சி. இன்னும் சின்னதாக்க வேண்டும், அப்போதுதான் ஒழுங்காக ஆடுவார்கள் என்றார் ஹெட் கிளார்க். எலக்ட்ரீசியன் என்னிடம் வந்து கேட்டார்.

"நீங்க என்ன சொல்றீக?"

"எனக்கென்ன தெரியும்? நான் ஆடுறவளா?"

"ஆடுறீகளே. நாக்கு தேய்ச்ச பொறவு சோதனைக்குன்னு எத்தனை குண்டு ஆடுதீக."

அது உண்மைதான். மாதம் இரண்டு தடவையாவது ஏதாவது ஒட்டிக்கொள்ளும், ஏதாவது தேயும். ஆபீஸில் மதியம் போன் குறைவாக இருக்கும் நேரம் அரை மணி அனுமதி வாங்கி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவேன். வேலை முடிந்ததும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆடுவேன். ஐந்து குண்டு, இன்னொரு ஐந்து குண்டு. அம்மா ஸ்வெட்டரைப் பின்னியபடியே, "இன்னும் சரியாகலையா?" என்று கேட்பாள். "இல்லம்மா" என்பேன்.

"ஒரு கை இடிச்சா தாங்கணும், ரெண்டு கையால தூக்குனா அணையணும்" என்று அவரிடம் சொன்னேன். அப்படியே வைத்தார். யார் சொல்லி வைத்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு கட்சிக்கும் திருப்தியில்லை, ஆனால் சண்டை நின்றது.

இதைச் சொன்னபோது என் மகள் சிரித்தாள். "இதேதாம்மா எங்க ஆபீஸ்லயும். எவ்வளவு இடிக்கலாம்னு மூணு மாசம் சண்டை போட்டோம்."

"கடைசியில எப்படி வச்சீங்க?"

"ஆடுறவங்களே மாத்திக்கிற மாதிரி வச்சுட்டோம்."

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒருவர் தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து ஆடும்போது வேறு என்ன செய்ய முடியும் என்றும் தோன்றியது. எங்களுக்கு ஒரே மிஷின், அறுபது பேர். அது எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டியிருந்தது.

கிளப்பின் ஆண்டு விழா மாசியில் ஒரு ஞாயிறு. பூப்பந்து, கேரம், பெண்களுக்குக் கோலம் எல்லாம் வழக்கம். அந்த வருஷம் குண்டு மிஷின் போட்டியும் சேர்ந்தது. பெயர் கொடுக்கும் தாளில் எலக்ட்ரீசியன் தன் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதிவிட்டார். தாளைப் பார்த்த ஹெட் கிளார்க் ஆபீஸில் என் போர்டுக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, இது நீ எழுதினதா?"

"இல்ல சார்."

"அப்ப அடிச்சிரட்டா?"

அடித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இருக்கட்டும் சார்" என்று வந்துவிட்டது. அவர் சுவரைப் பார்த்தபடி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை ஓடாது. கொழுந்து குவிந்துபோனதால் அந்த ஞாயிறு ஓட்டினார்கள். காலை பத்து மணிக்குப் போட்டி ஆரம்பித்தபோதே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கொழுந்து நசுக்கும் உருளைகளும் மாடியில் அதை வாட்டும் விசிறிகளும் சேர்ந்து ஓடும்போது எஸ்டேட்டில் கரண்டு இறங்கிவிடும், பல்பு மஞ்சளாகும். மிஷினில் துடுப்புகள் சோர்ந்துபோகும். சாதாரணமாக ஒரே அடியில் மேலே போகும் குண்டு, பாதி வழி ஏறித் திரும்பி வந்தது. பன்னிரண்டு பேர் ஆடினார்கள், ஒருவரும் ஆயிரத்தைத் தொடவில்லை. ஹெட் கிளார்க் பதின்மூன்றாவது. வலப்பக்க மதில் வித்தை பலிக்கவில்லை, குண்டு மதில்வரை போனால்தானே. ஆனாலும் பொறுமையாக ஆடி, இரண்டாயிரத்து முந்நூறு எடுத்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, தொழிற்சாலைக்குப் போன் போட்டு உருளையை ஒரு பத்து நிமிஷம் நிறுத்தச் சொல்ல முடியாதா?"

"இன்னைக்கு எனக்கு லீவு சார்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் லேசாகச் சிரித்த மாதிரிதான் இருந்தது.

கடைசியாக நான். மேசைமேல் கையை வைத்த பிறகுதான் எனக்கே விளங்கியது. மற்றவர்கள் எல்லாம் மாலையில் ஆடிப் பழகியவர்கள். உருளைகள் நின்ற பிறகு, கரண்டு முழுசாக இருக்கும் நேரம் அது. சோதனைக்கு என்று நான் ஆடியதெல்லாம் வார நாட்களில் மதியம், தொழிற்சாலை ஓடும்போது. சோர்ந்த துடுப்புதான் எனக்குத் தெரிந்த துடுப்பு. குண்டு வந்தால் உடனே அடிக்கக் கூடாது. துடுப்பைத் தூக்கிப் பிடித்து, குண்டு அதன் மடியில் ஏறி நிற்கும்வரை காத்திருந்து, மெல்ல இறக்கி, அது நுனிக்கு உருண்டு போகும்போது தட்ட வேண்டும். கரண்டு குறைவாக இருந்தாலும் நுனியில் பட்ட குண்டு மேலே போகும்.

நாலு குண்டில் ஆயிரத்து எழுநூறு வந்தது. வாசலில் அம்மா பின்னுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். ஐந்தாவது குண்டு துடுப்பில் நின்றது. இறக்கினேன், தட்டினேன், நடுவில் இருந்த சிவப்புப் பலகையில் போய் மோதியது. அது ஐந்நூறு தரும் பலகை. நூறு நூறாக ஐந்து தரம் மணி அடிக்கும், சக்கரம் ஐந்து பல் நகரும்.

மணி அடித்தது. ஐந்தோடு நிற்கவில்லை. ஆறு, ஏழு, எட்டு. எல்லோரும் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள், யாரோ விசில் அடித்தார்கள். அந்தச் சத்தத்துக்குள்ளும் எனக்கு உள்ளே இருக்கும் மோட்டார் நிற்காமல் உறுமுவது கேட்டது. ஒரு நாக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. குண்டு எப்போதோ குழிக்குள் போய்விட்டது, மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. பதினேழு தரம் அடித்து, எப்படியோ தானாக விடுபட்டு நின்றது. சக்கரத்தில் மூவாயிரத்து நானூறு.

நான் எலக்ட்ரீசியனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்டிருக்கிறது. சொல்லாமல் எனக்காக நிற்கிறார் என்பது தெரிந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது, அதனாலேயே இன்னும் கஷ்டமாக இருந்தது.

யாரோ என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான் கையை விடுவித்துக்கொண்டேன்.

"சார், மணி அஞ்சு தரம்தான் அடிக்கணும். பதினேழு தரம் அடிச்சுது. உள்ள ஒட்டிக்கிச்சு" என்று ஹெட் கிளார்க்கிடம் சொன்னேன்.

அவர் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. கோபம் என்று நினைத்தேன்.

"எண்ணினியா?" என்றார்.

"எண்ணல சார். காதுல விழுந்துச்சு."

"ஆயிரத்து எழுநூறும் ஐந்நூறும் ரெண்டாயிரத்து இருநூறு" என்றார் மெதுவாக. அவரைவிட நூறு குறைவு. "கடைசிக் குண்டை மறுபடி ஆடட்டும். மிஷினைச் சரிபண்ணிட்டு ஆடட்டும். ஐந்நூறைக் கழிச்சுரலாம், புதுசா என்ன வருதோ அது."

எலக்ட்ரீசியன் மூடியைத் தூக்கினார். ஒட்டிய நாக்கு எது என்று இரண்டு பேருக்குமே தெரியும். அதன் நுனி கருகியிருந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை ஒட்டினால் அப்படிக் கருகாது. அரத்தால் நாலு இழுப்பு இழுத்து மூடினார். நான் வில்லை இழுத்து விட்டேன். குண்டு மேலே போனது, ஒரு குடையைத் தொட்டது, இரண்டு துடுப்புகளுக்கும் நடுவில் நேராக இறங்கிவிட்டது.

ஹெட் கிளார்க்குக்கு ஒரு பிளாஸ்க் பரிசு. அம்மா வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டு வந்தாள். "அவ்வளவு பேரு கைதட்டுதாக, நீ பாட்டுக்கு ஒட்டிக்கிச்சுங்கிற. யாரு உன்னயக் கேட்டா?" வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "காப்பி போடட்டா?" என்று கேட்டாள். நான் கேட்காமலே இரண்டு ஸ்பூன் சர்க்கரை அதிகம் போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் காலை பதினொரு மணி இருக்கும். போர்டில் ஹெட் கிளார்க்கின் கதவு விழுந்தது. அவர் அறை என் மூலையிலிருந்து இருபது அடி தூரம். ஏதாவது வேண்டுமென்றால் குரல் கொடுப்பார், போனில் கூப்பிட்டதே இல்லை.

"ஆப்பரேட்டர்" என்றேன்.

மூச்சு மட்டும் கேட்டது.

"சொல்லுங்க சார்."

"ஐப்பசியில நான் ஆறாயிரம் எடுத்தேன்லம்மா."

"ஆமா சார்."

"அன்னைக்கும் மணி நிக்காமத்தான் அடிச்சுது. எனக்குத் தெரியும். எல்லாரும் கைதட்டினாங்க. என் வயசுக்கு எனக்கு யாரும் கைதட்டினதில்ல."

"சரி சார்" என்றேன். அவரும் "சரி" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் அறைக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தது தெரிந்தது.

அந்த வாரம் கரும்பலகையில் இருந்த கட்டமும் எண்ணும் காணாமல் போயின. ஈரத்துணியால் துடைத்த தடம் மட்டும் இருந்தது. யார் துடைத்தது என்று கேட்டார்கள், தெரியாது என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னை எங்கே பார்த்தாலும் நேராகப் பார்த்துத் தலையசைப்பார்.

என் மகளிடம் இதைச் சொல்லி முடித்தபோது அவள் கேட்ட கேள்வி இதுதான்: "உங்க மிஷினு ரிப்பேரு மிஷினும்மா. தரை கோணல், கரண்டு கம்மி, நாக்கு ஒட்டுது. இதையெல்லாமா நிஜம்னு சொல்றீங்க? நாங்க இதைப் போட்டா ஆடுறவங்க திட்டித் தீர்ப்பாங்க." அவள் சொல்வது நியாயம். நாங்களும் திட்டிக்கொண்டேதான் ஆடினோம்.

அவளிடம் சொல்லாமல் விட்டது இனிமேல் வருவது.

எலக்ட்ரீசியனும் நானும் சேர்ந்து வேலை செய்வதைப் பார்த்து எஸ்டேட்டில் பேச்சு வந்தது. அம்மாவும் மனசுக்குள் ஏதோ நினைத்திருந்தாள், ஜாதகக் கட்டை எடுத்துத் துணிப்பெட்டிக்கு மேலே வைத்திருந்தாள். நானும் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். சித்திரையில் அவர் பதினைந்து நாள் லீவு கேட்டு ஊருக்குப் போனார். திரும்பி வந்தபோது பஸ்ஸிலிருந்து அவருக்குப் பின்னால் மஞ்சள் கயிறு மின்ன ஒரு பெண் இறங்கினாள். அத்தை மகள், சின்ன வயதிலேயே பேசி வைத்ததாம். அவர் ஒரு தடவைகூட அதைச் சொன்னதில்லை. யோசித்துப் பார்த்தால் நானும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எத்தனையோ மதியங்கள் எதிரெதிரே உட்கார்ந்து நாக்கு தேய்த்ததில் நாங்கள் சொந்தக் கதை பேசியதே இல்லை.

இரண்டு வாரம் நான் கிளப் பக்கம் போகவில்லை. அரத்தை ஆள் மூலம் கொடுத்தனுப்பினேன். அதற்கப்புறம் ஒருநாள் அந்தப் பெண்ணே ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். மலைக்குளிருக்குப் பழகாமல் இரண்டு துண்டைப் போர்த்தியிருந்தாள்.

"அக்கா, நீங்கதான் போர்டு அக்காவா? அவுக சொன்னாக. அந்தக் குண்டு மிஷினு எனக்கும் ஆடணும் போல இருக்கு. பொம்பளைங்க போலாமா?"

அவளிடம் கோபப்பட வேண்டுமென்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன். மூக்கு நுனி சிவந்து, நடுங்கிக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்துக் கோபம் வரவில்லை.

"போலாம். முதல்ல ஒரு ஸ்வெட்டர் வேணும் உனக்கு" என்றேன். அம்மா அவளுக்கு ஊதாவில் ஒன்று பின்னிக் கொடுத்தாள். அம்மாவுக்கு மனசு ஆறியது அந்த ஸ்வெட்டரில்தான் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு ஞாயிறு மதியம் பெண்கள் நேரம் என்று தானாகவே ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி நர்ஸ், கிரெச்சில் பிள்ளைகளைப் பார்க்கும் ஆயா, கிளார்க்குகளின் மனைவிமார் என்று எட்டு பத்துப் பேர் வருவார்கள். மூன்று விநாடியில் குண்டு போனால் யாரும் ஏமாற்று வேலை என்று சொல்லவில்லை. விழுந்து விழுந்து சிரிப்போம். எலக்ட்ரீசியன் மனைவி மட்டும் சிரிக்காமல் ஆடுவாள். இடது பக்கச் சாய்வு அவளுக்கு ஒரே மாதத்தில் பிடிபட்டுவிட்டது. அந்த வருஷ முடிவில் எங்களில் யாராலும் அவளைத் தொட முடியவில்லை.

துடுப்பின் ரப்பர் வளையங்கள் தேய்ந்து போயின, இங்கே கிடைக்கவில்லை. எலக்ட்ரீசியன் சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டார். குண்டில் துரு ஏறி, ஓடும்போது கரகரத்தது, தேங்காயெண்ணெய் துணியில் துடைத்து வைத்தோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆட்டம் கொஞ்சம் மாறும், நாங்களும் மறுபடி முதலிலிருந்து பழகுவோம். எழுபதுகள் முடிவதற்குள் எனக்குக் குமுளியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோடு கல்யாணம் முடிவானது.

எஸ்டேட்டை விட்டுக் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு மதியம் கிளப்புக்குப் போனேன். எலக்ட்ரீசியன் மனைவி இடுப்பில் கைக்குழந்தையோடு ஆடிக்கொண்டிருந்தாள். ஒரு கை குழந்தைக்கு, ஒரு கை துடுப்புக்கு. என்னைப் பார்த்ததும் குழந்தையை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

"நீங்க ஆடுங்கக்கா. இன்னைக்கு நாங்க பாக்கோம்."

வெளியே மழை. தொழிற்சாலை ஓடவில்லை, கரண்டு முழுசாக இருந்தது, துடுப்புகள் துள்ளின. எனக்கு அந்தத் துள்ளல் கடைசிவரை பிடிபடவே இல்லை. ஐந்து குண்டும் வந்த வேகத்தில் போய்விட்டன. சக்கரத்தில் நானூற்று நாற்பது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு எல்லோருமாக முற்றத்துத் தகரக் கூரைக்குக் கீழே நின்று மழை விடுவதற்காகக் காத்திருந்தோம். நர்ஸ், காய்கறி விளையும் வட்டவடையிலிருந்து கொண்டுவந்த கேரட்டைக் கழுவி ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். மண் வாசனையோடு அது இனிப்பாக இருந்தது.